புள்ளி மிகுந்த அரபு

அரபு படிப்பதற்கென்றே வெளிநாடு போய், அரபு படிக்கவிடாமல் திரும்பக் கொண்டுவந்து விடப்பட்டவன் பதுளையில் நான் ஒருத்தன்தான். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஆசை இருந்தது. முதலாம் வகுப்புக்குப் போதுமான புத்தியும் இருந்தது. இடம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கூப்பிட்டு எனக்கும் ஒரு பட்டம் கொடுத்துவிடுவார்களோ என்று பயம்.

இது நடந்தது எழுபத்தொன்பதாம் ஆண்டில். அப்போது நான் வாப்பாவின் புடவைக்கடையில் சீத்தைத் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். என் உம்மா ஸகீனா தினமும் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து குர்ஆன் ஓதுவார். நாற்பது வருட ஓதல். ஓர் எழுத்துப் பிசகாது. அர்த்தம் மட்டும் ஒரு சொல்லுக்கும் தெரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். ஓதத் தெரிந்தவனெல்லாம் அரபு தெரிந்தவன் என்பது எங்கள் கடைத்தெருவில் சட்டம் மாதிரி.

உம்மா மட்டும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. ஒருநாள் ஓதி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மகன், ஓதிக்கொண்டு போகேக்க ஒரு சொல்லு வருது. அந்த எடத்துக்கு வந்தா எனக்கு அழுக வருது. நாப்பது வருஷமா அழுறேன். அது என்ன சொல்லுண்டு தெரியாமலே நான் மவுத்தாகிப் போகோணுமா?"

தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்து வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "நல்லம். ஆனா எல்லாம் சேந்துதானே ஈக்கி. நான் அழுற சொல்லு இதுல எது?" என்றார். நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் புரட்டினேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெற்ற தாய் கேட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றது எனக்கு அவமானமாக இருந்தது. எப்படியாவது அரபு படித்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஊவா அரபு மொழி அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று இருந்தது. தலைவர் ஜுனைதீன் ஹாஜியார். சங்கத்தில் அரபு தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால் சங்கத்துக்குள் கருத்து வேறுபாடும் இல்லை. வெளிநாட்டிலுள்ள, பிறநாட்டாருக்கான அரபு மொழி உயர் நிலையம் எங்கள் ஊவா மாகாணத்திலிருந்து ஒரு மாணவனை எடுக்கப்போகிறது என்று தெரிந்ததும் சங்கம் நேர்முகப் பரீட்சை வைத்தது. நான் ஓதினேன். ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓதி முடித்த பிறகும் கண் திறக்கவில்லை. செயலாளர் தோளைத் தட்டியதும் விழித்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், என்ன அரபு!" என்றார். நான் தெரிவாகிவிட்டேன்.

பதுளை ஸ்டேஷனில் ரயில் புறப்படுவதற்கு முன்னால் ஹாஜியார் வழியனுப்புப் பேச்சுப் பேசினார். "அரபு படிக்கப் போற இந்தப் புள்ளைக்கு ஏற்கனவே அரபு தெரியும். அதனாலதான் அனுப்புறோம். தெரியாதவன அனுப்பினா சங்கத்துக்கு மானக்கேடு." எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து என் காதில் தனியாக ஒரு புத்திமதி சொன்னார். "எதுவா இருந்தாலும் வாயால செல்லாத, தாஸிம். எழுத்துல குடு. வாயால சொன்னா அரசாங்கக் கச்சேரியில பியோன் கூட திரும்பிப் பாக்கமாட்டான். எழுத்துல குடுத்தா அது நேரா பெரியவர்ட மேசைக்குப் போகும்."

பதுளையில் பிறந்தவன் எவனும் மறுக்கமுடியாத புத்திமதி. என்னைக் கெடுத்தது அதுதான்.

வெளிநாடு என்றால் நுவரெலியா மாதிரி ஏதோ குளிர்ப் பிரதேசம் என்பது உம்மாவின் எண்ணம். என் பெட்டியில் பாதிக்கு மேல் கம்பளிச் சட்டை. போய் இறங்கினால் அடுப்புக்குள் தலையை விட்டது போல வெயில். நிலையத்தின் வாசலில் பெரிய இரும்புக் கதவு, அதன்மேல் பெரிய பலகை. இந்தக் கதவுக்குள் அரபு தவிர வேறு மொழியில் வாய் திறப்பது குற்றம் என்று அதில் எழுதியிருந்ததாம். அரபில் எழுதியிருந்ததால் எனக்கு விளங்கவில்லை. கப்பலோ விமானமோ எதில் வந்தாலும், அரபு தெரியாதவர்கள் அரபு படிக்க வரும் இடம் அது. அறிவிப்பை அரபில் எழுதி வைத்திருந்தார்கள்.

வாசலில் ஓர் அதிகாரி நீளமாக ஏதோ சொல்லி வரவேற்றார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அவருக்குப் பரம திருப்தி. இன்னும் நீளமாக ஏதோ கேட்டார். "இன்ஷா அல்லாஹ்" என்றேன். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லித்தான் முதல் சில நாட்களை ஓட்டினேன். சாப்பாட்டு மண்டபத்தில் உப்பு கேட்கத் தெரியாமல் உப்பில்லாமலே சாப்பிட்டேன். பாலில்லாத தேநீரில் பாதிக் கிளாஸ் சீனியைக் கொட்டித் தந்தார்கள். மலைநாட்டில் வளர்ந்தவன் வாயில் வைக்கக்கூடிய தேநீரா அது! அதற்கும் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொன்னேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

நல்லகாலமாக, கதவுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் தமிழ்க் குரல் கேட்டது. "தம்பி, நீங்க பதுளைப் பக்கமா? நடையிலயே தெரியுது. சமதரையிலயும் மலையேறுற மாதிரி நடக்கிறீங்க."

அவர்தான் ஷுக்ரி. அண்ணன் வயது, அதனால் எனக்கு ஷுக்ரி நானா. பண்டாரவளைக்காரர். நிலையத்தில் கடைசி வருடம். அரபு தண்ணீர் பட்டபாடு. ஆனால் கதவைத் தாண்டி உள்ளே போனதும் என்னைத் தெரியாதவர் போல நடந்துகொள்வார். சட்டம் அப்படி. நாங்கள் பேசியதெல்லாம் அந்த பஸ் நிறுத்தத்தில் வைத்துத்தான். எத்தனையோ பஸ்கள் எங்களுக்காக நின்று, நாங்கள் ஏறாததைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போயிருக்கின்றன.

யார் எந்த வகுப்பு என்று தீர்மானிக்கிற பரீட்சை வந்தது. முதலில் வாசிப்பு. ஏதோ பழைய நூலை எடுத்துத் தந்தார்கள். உம்மா சொல்லித் தந்த ஓதலாயிற்றே, தங்குதடையில்லாமல் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். பரீட்சகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது எழுத்து. பலகையில் தலைப்பு எழுதினார்கள். எனக்கு அது விளங்கவில்லை. ஹாஜியாரின் புத்திமதி ஞாபகம் வந்தது. சரி, தலைப்பு கிடக்கட்டும், நம் குறையை எழுத்தில் கொடுத்துவிடுவோம் என்று பேனாவை எடுத்தேன்.

எந்த எழுத்தில் எழுதுவது? இங்கே உம்மாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். உம்மா பள்ளிக்கூடம் போனவரில்லை, தமிழ் எழுத்துத் தெரியாது. அவர் வயதுப் பெண்கள் நிறையப் பேரைப் போலத் தமிழை அரபு எழுத்தில்தான் எழுதுவார். உம்மா எழுதும் சாமான் சீட்டில் சீனி, பருப்பு, தேங்காய் எல்லாம் வலமிருந்து இடமாகத்தான் வரும். அரபில் இல்லாத தமிழ் ஓசைகளுக்கு, இருக்கிற எழுத்துக்கே மேலும் கீழும் இன்னும் சில புள்ளிகளைப் போட்டுச் சமாளித்துக்கொள்வார்கள். எனக்கும் அந்த எழுத்து கைவந்த எழுத்து. இவ்வளவு பெரிய நிலையத்தில் அதை வாசிக்க ஒருவராவது இருக்கமாட்டாரா என்று நம்பி இப்படி எழுதினேன்:

'மேன்மை தங்கிய ஐயா, எனக்கு அரபு தெரியாது. ஓத மட்டும்தான் தெரியும். தயவுசெய்து என்னை முதலாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளவும். இங்ஙனம், கீழ்ப்படிவுள்ள தாஸிம்.'

பரீட்சை மண்டபத்தில் தாள் அடுக்கிக் கொடுக்கிற வேலை ஷுக்ரி நானாவுக்கு. நடந்ததை அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் வைத்துச் சொன்னார்.

"முதலாம் பேராசிரியர் பாத்தார். வெளங்கல்ல. ரெண்டாமவர்ட்ட நீட்டி, 'உங்கள் அபிப்பிராயம்?' எண்டு கேட்டார். அவருக்கும் வெளங்கல்ல. 'ஆழமானது' எண்டார். மூணாவது ஆள் பணிப்பாளர். அவர் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, 'புள்ளிகளைக் கவனித்தீர்களா? இவ்வளவு புள்ளி வைத்து எழுதுகிற ஆற்றல் நம்மிடம் எப்போதோ அற்றுப்போய்விட்டது' எண்டார். மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக் கைகுலுக்கிக்கொண்டாங்க."

"நானா, ஒங்களுக்குத்தான் அந்த எழுத்துத் தெரியுமே! சொல்லியிருக்கலாமே!"

"சொல்லலாம் தம்பி. ஆனா அந்த மூணு பேரும்தான் என்ட கடைசிப் பரீட்சையும் திருத்தப்போறவங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் அவர் நிலையில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என்னை உயர் வகுப்பில் போட்டார்கள். விரிவுரையாளர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நான் பயத்தில் வாயே திறக்கவில்லை. அவர் மற்ற மாணவர்கள் பக்கம் திரும்பி, கேட்டவுடன் பதில் சொல்லிவிடாத பக்குவத்தை இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றாராம். அடுத்த நாள் வகுப்பே ஊமையாகிவிட்டது.

இது தேறாது என்று இரண்டாவது விண்ணப்பம் எழுதினேன். 'ஐயா, தவறு நடந்துவிட்டது. உயர் வகுப்பு எனக்கு வேண்டாம்.' அதற்கு ஒரு குழு கூடியது. உயர் வகுப்பு இவருக்குப் போதாது என்று குழு முடிவு செய்தது. குழுவை நினைத்து நான் ஒரு நிமிடம் அசந்துபோனேன், வாக்கியத்தில் பாதியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்களே!

என்னை ஆய்வுப் பிரிவுக்கு உயர்த்தினார்கள். தனி அறை. பெரிய மேசை. மேசைமேல் ஒரு மணி. அடித்தால் தேநீர் வரும். ஆசிரியர் மட்டும் வரமாட்டார். ஆய்வாளருக்குக் கற்பிக்க முயல்வது அவரை அவமதிப்பதாகும் என்று நிலையத்தின் விதி சொல்லியது. அந்த அறையில் உட்கார்ந்து நான் செய்த ஆய்வு, பதுளையில் இப்போது மழை பெய்யுமா பெய்யாதா என்பதுதான்.

கீழ்மாடியில்தான் முதலாம் வகுப்பு. ஒருநாள் இறங்கிப்போய் அதன் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஆசிரியர் கதவைத் தொட்டு, அதற்கான அரபுச் சொல்லைச் சொன்னார். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். நானும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தது ஜன்னல் என்று ஆசிரியர் திரும்பும்போது காவலாளி ஓடிவந்தான். ஆய்வாளர் வெயிலில் நிற்பதா என்று பதறி, என்னைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிக்கொண்டுபோய் விட்டான். மறுநாள் அந்த ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டார்கள், என் ஆய்வுக்குச் சத்தம் இடைஞ்சலாக இருக்கக்கூடாதாம். ஆகமொத்தம் அந்த நிலையம் எனக்குக் கற்பித்த சொல் ஒன்றே ஒன்று.

மூன்றாவது விண்ணப்பத்தை நான் விண்ணப்பமாக எழுதவில்லை. மனம் வெறுத்து, யாரிடம் சொல்கிறேன் என்றே யோசிக்காமல் எழுதினேன். உம்மாவைப் பற்றி, அவர் அழுகிற சொல்லைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டினேன். பணிப்பாளர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே ஒரு கருத்தரங்கு வைத்தார். அது மழையை வாழ்த்தும் பழம்பாடல் என்றார் ஒரு பேராசிரியர். இல்லை, ஒட்டகம் தொலைந்தால் யார் பொறுப்பு என்பது பற்றிய சட்டம் என்றார் இன்னொருவர். இரண்டும்தான் என்று பணிப்பாளர் முடித்துவைத்தார். அவருடைய முடிவுரையை ஷுக்ரி நானா எனக்கு வரி பிசகாமல் சொன்னார்.

"நமக்கு விளங்காததை நாம் எப்படி மதிப்பிடுவது என்று சிலர் கேட்கிறார்கள். நான் கேட்கிறேன், விளங்கியதை மதிப்பிட ஒரு நிலையம் எதற்கு? விளங்கியதை யார் வேண்டுமானாலும் மதிப்பிடலாமே! நாம் சம்பளம் வாங்குவது மற்றதற்கு."

இப்படிப்பட்ட அரபு இன்னும் உயிரோடிருக்கிற ஊரைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று நிலையம் தீர்மானித்தது. விடுமுறையில் பணிப்பாளரும் இரண்டு பேராசிரியர்களும் பதுளைக்குப் புறப்பட்டார்கள். மொழிபெயர்க்க ஷுக்ரி நானா. காட்டுவதற்கு நான்.

சங்கத்து மண்டபத்தில் தோரணம் கட்டி, வாசலில் பன்னீர் தெளித்தார்கள். பூனாகலைத் தோட்டப்பக்கத்திலிருந்து வாடகைக்குப் பிடித்த வேனில் விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். ஆண்கள் முன்னால் நாற்காலிகளில், பெண்கள் திரைக்குப் பின்னால். உம்மாவும் அங்கேதான் இருந்தார். ஹாஜியார் வரவேற்றார். "எங்கட சங்கம் அரபுக்குச் செஞ்ச சேவைய நான் செல்லத் தேவல்ல. செல்லவும் தெரியாது."

பணிப்பாளர் எழுந்தார். பதுளையின் மைந்தன் எழுதிய அரிய ஆக்கத்தைப் பதுளை மக்களுக்கே வாசித்துக் காட்டப்போவதாக அறிவித்தார். பையிலிருந்து எடுத்தது என் மூன்றாவது விண்ணப்பம். அவருக்கு அர்த்தம் தெரியாதே தவிர எழுத்துத் தெரியும் அல்லவா? நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையின் அடியிலிருந்து, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி வாசிக்கத் தொடங்கினார்.

"ஐயா, எனக்கு அரபு தெரியாது. என் உம்மா நாற்பது வருஷமாக ஒரு சொல்லுக்கு அழுகிறார். அது என்ன சொல் என்று கேட்டுக்கொண்டுபோய்ச் சொல்லத்தான் நான் இங்கே வந்தேன். முதலாம் வகுப்பில் ஒரு மூலை தாருங்கள். நாற்காலி வேண்டாம், நின்றுகொண்டே படிக்கிறேன்."

ஹாஜியார் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "மாஷா அல்லாஹ், என்ன அரபு!"

வாசலில் நின்ற வேன் டிரைவர் மாடசாமி பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, "ஏங்க, தொர தமிழ்லதானங்க பேசுறாரு?" என்றான்.

"உஷ்! அரபு ஓதேக்க பேசக்கூடாது" என்று செயலாளர் அதட்டினார். மாடசாமி பயந்துபோய்த் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஹஸரத், அது என்ட மகன் எழுதினது. அவனுக்கு அரபு தெரியாதாம். மொதலாம் வகுப்புல சேக்கச் செல்லிக் கேக்கிறான். நின்டுகொண்டு படிக்கிறேன்டு கேக்கிறானே புள்ள, ஏன் சேக்காம ஈக்கிறீங்க?"

ஷுக்ரி நானாவின் பரீட்சை முடிவு போன கிழமைதான் வந்திருந்தது. பாஸ். அதனால் முதல் தடவையாக, ஒரு சொல்லையும் விழுங்காமல் மொழிபெயர்த்தார். பணிப்பாளரின் முகம் வெளுத்தது. பேராசிரியர்கள் இருவரும் மேல்கூரையைப் பார்த்தார்கள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வெளுத்துப்போகட்டும், திட்டட்டும், முதலாம் வகுப்பில் போட்டால் போதும்.

பணிப்பாளர் தண்ணீர் குடித்தார். பிறகு பேசினார். ஷுக்ரி நானா வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னார்.

"இந்த எழுத்து மனித அறிவுக்கு எட்டாத அரபு என்று எங்கள் குழு தீர்ப்பளித்திருக்கிறது. குழு தவறு செய்ததாக இதுவரை எந்தப் பதிவும் இல்லை. அப்படிப் பதிகிற வழக்கமே எங்களிடம் இல்லை. அதை இந்தப் பெண்மணி கேட்ட மாத்திரத்தில் விளங்கிக்கொண்டார். இதிலிருந்து தெரிவதென்ன? எங்கள் குழுவை விடப் பெரிய அரபு அறிஞர் இந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறார்!"

மண்டபம் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் முழங்கியது. எனக்கென்று கொண்டுவந்திருந்த பட்டச் சான்றிதழில் அங்கேயே உம்மாவின் பெயரை எழுதினார்கள். பணிப்பாளர் என் பக்கம் திரும்பி அன்போடு கடைசி வாக்கியத்தைச் சொன்னார். "இப்படியொரு தாய் வீட்டில் இருக்கும்போது கடல் கடந்து வந்து அரபு படிப்பது நன்றிகெட்ட செயல். ஆகவே உங்கள் இடம் இன்றோடு ரத்து."

ஷுக்ரி நானா அதை மொழிபெயர்க்கும்போது என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது மட்டும்தான் நெஞ்சில் நின்றது.

சான்றிதழ் திரைக்கு மேலாகப் போனது. அரபில் இருந்த அதை உம்மா அழகாக, ஓர் எழுத்துப் பிசகாமல் உரக்க வாசித்தார். அதிலுள்ள முத்திரை அழிந்தால் செல்லாது என்ற நிபந்தனை வரைக்கும் வாசித்தார் என்று பிறகு தெரிந்தது. கூட்டம் முழுக்கக் கையேந்தி ஒவ்வொரு வரிக்கும் ஆமீன் சொன்னது. ஹாஜியார்தான் எல்லாரிலும் சத்தமாகச் சொன்னார். மாடசாமியும் சொன்னான்.

எல்லாரும் கலைந்த பிறகு உம்மா வெளியே வந்தார். சான்றிதழை என் கையில் தந்துவிட்டு, என்னை ஒன்றும் கேட்காமல், ஷுக்ரி நானாவிடம் போனார்.

"தம்பி, நீங்க பண்டாரவளைதானே? ஒங்களுக்கு உண்மையிலேயே அரபு தெரியுமா?"

"தெரியும் மாமி."

"அப்ப நாளைக்கு காலச் சாப்பாட்டுக்கு ஊட்டுக்கு வாங்கோ."

மறுநாள் விடிந்ததும் வந்தார். ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றார். உம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஓதத் தொடங்கினார். வழக்கமாக அழுகை வருகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, அந்தச் சொல்லை மட்டும் தனியாகச் சொன்னார். "இது என்ன தம்பி?"

ஷுக்ரி நானா வாயைத் திறந்தவர், யாராவது கேட்கிறார்களா என்று பழக்கதோஷத்தில் ஒருதரம் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார். ஒரு சின்ன வாக்கியம்.

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்" என்றார்.

பிறகு பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டுவிட்டு, ஷுக்ரி நானாவிடம் அடுத்த சொல்லைக் கேட்டார்.